கொரங்காட்டுப் பூளை

அதுங்களா? டிரைவர் கண்ணாடிகிட்டத் தொங்குதே, அதைத்தானே கேக்கறீங்க? அது பூளைப்பூங்க. வெள்ளையாப் பஞ்சாட்டம் இருக்குது பாருங்க, அதுதான் பூளை. மஞ்சளாக் கருகிக் கெடக்கறது ஆவாரம்பூ. நடுவுல வேப்பங்கொழை. மூணையும் சேத்துக் கட்டினா அதுக்குப் பேரு காப்பு. மார்கழி கடைசி நா பொழுதோட ஊட்டு எரவாரத்துல, ஆட்டுப் பட்டியில, கெணத்து மேட்டுல, காட்டு மூலையில எல்லாம் கட்டுவோம். வண்டி வாகனத்துக்கும் கட்டறதுதான். சீக்கு அண்டாதும்பாங்க, கெட்டது வராதும்பாங்க. கட்டினா அப்படியே தொங்கும். அடுத்த பொங்கலுக்குத்தான் அவுக்கறது.

உங்கூர்ப் பக்கம் இல்லீங்களா? மெட்ராசுங்களா? அங்கயும் இருக்குமே. சிறுபீளைம்பாங்க, கண்ணுப்பீளைம்பாங்க. நாட்டு மருந்துக் கடையில காய வெச்சு விப்பாங்க. செடியோட புடுங்கி, கழுவி, ஒண்ணுக்கு நாலாத் தண்ணி ஊத்திச் சுண்டக் காச்சிக் குடிச்சா நீர்க்கடுப்பு போயிரும். கல்லடைப்புக்கும் குடுப்போம். வெறும் பூவ உருவி வெய்யில்ல போட்டுத் தலகாணிக்குத் திணிக்கறதும் உண்டுங்க. இலவம்பஞ்சு அளவுக்கு மெதுமெதுன்னு இருக்காது. ஆனா சூடு ஏறாது.

நீங்க நல்லாத் தள்ளி ஒக்காருங்க கண்ணு, எடம் கெடக்குது. திருப்பூருங்களா? நான் சிவன்மலைக்குங்க. சாமி கும்பிடத்தான். சும்மா ஒரு நடை.

கேட்டீங்கன்னு சொல்றேன், எங்க கொரங்காட்டுல இந்தப் பூளை பூக்கறதப் பாக்கோணும். கொரங்காடுன்னா மேச்சக் காடுங்க. உழவு கெடையாது, வெதைப்பு கெடையாது. சுத்தியும் கிளுவை வேலி. உள்ள கொழுக்கட்டைப் புல்லும் அங்கொண்ணு இங்கொண்ணு வெள்வேல மரமும். மழை பேஞ்சாப் புல்லு வரும், ஆட்டை உட்டா மேஞ்சுக்கும். அவ்வளவுதான். பூளை ஓரஞ்சாரத்துல நாலு செடி இருக்கும். ஆடு கடிச்சுப் போட்டுரும், அதுக்கு மேல வளராது. ஆனா போன வருசப் பொங்கலுக்கு முந்தி, காடு பூராப் பூளைங்க. ஒரே வெள்ளை. வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு பாத்தா வண்ணான் வேட்டி காயப் போட்டாப்பல இருந்துதுன்னு சொன்னாங்க. நான் பாக்கல. அப்ப நான் அந்தப் பக்கம் போறதில்ல.

ஆடு மேயலீங்க, அதுனால வளந்துருச்சு. படலைச் சாத்திப் போட்டுட்டேன். எம்பையன் அதுக்குள்ளதான் எறந்தான்.

ஐப்பசியிலங்க. நல்ல மழைக்காத்து. கரண்டுக் கம்பி அறுந்து வேலி மேல உழுந்து கெடந்திருக்குது. ஆடு ரெண்டு அந்தண்ட கத்துதுன்னு முடுக்கிட்டு வரப் போனவன், வேலியில கைய வெச்சிருக்கறான். அவ்வளவுதான். ஆடு ரெண்டும் செத்துப் போச்சு. பேரு மோகனசுந்தரம். சுந்தரம்பாங்க. ஒரே பையன்.

அட, நீங்க எதுக்கு மொகத்த அப்படி வெக்கறீங்க. எனக்கு ஒண்ணும் ஆகலீங்க. அன்னைக்கே ஒண்ணும் ஆகல. ஊரே கூடி அழுகுது, நான் ஒக்காந்திருந்தேன். ஆத்தாக்காரி அழுகலைன்னா நெஞ்சடைச்சிரும்னு சொல்லி ரெண்டு பொம்பளைங்க வந்து என்னையப் புடிச்சு உலுக்கினாங்க. நான் அவிங்ககிட்ட, ஆட்டுக்குத் தண்ணி காட்டினீங்களான்னு கேட்டனாமா. எனக்கு நாபகம் இல்ல. சொன்னாங்க. கேட்டுத்தான் இருப்பேன். வாயில்லாச் சீவனுங்க, அன்னைக்குப் பூராப் பட்டியிலயே கெடந்துச்சு.

எங்கூட்டுக்காரரு போனப்பவும் இப்படித்தான். மஞ்சக்காமாலை. பையன் அப்ப மடியில பாலு குடிச்சுட்டிருக்கறான். அப்பவும் பட்டியில ஆடு இருந்துது. ஆடுன்னா வேலை இருந்துட்டே இருக்குமுங்க. வேலை இருந்தா நாப்பொழுது போயிரும்.

இப்ப நான் சொல்ல வந்தது என் மருமக கதைங்க. தாரணின்னு பேரு. முத்தூர்ப் பக்கத்துப் புள்ளை. கட்டிட்டு வந்து ரெண்டு வருசம்கூட முழுசா ஆகல, இவன் போயிட்டான். வயித்துல ஒண்ணும் தங்கல. காங்கேயத்துல ஒரு தேங்காயெண்ணெய் மில்லு ஆபீசுல கம்ப்யூட்டர் வேலைக்குப் போயிட்டிருந்தா. நல்ல புள்ளைதானுங்க, நான் குத்தமே சொல்ல மாட்டேன். வந்த புதுசுல பையனுக்குக் கல்லடைப்பு. துடிச்சுப் போயிட்டான். நான் பூளைக் கசாயம் வெச்சுக் குடுத்தா, கசக்குதுன்னு ஊட்டுக்குப் பின்னால பொடக்காளியில ஊத்திருவான். சின்ன வயசுலருந்தே எங்கிட்ட மருந்து குடிக்க மாட்டான். அவ வெச்சுக் குடுத்தாக் குடிச்சான். அதே பூளைதான், அதே தண்ணிதான். அவ டம்ளரைக் கையில வெச்சுட்டு முன்னால நிப்பா. இவன் மொகத்தைக் கோணிட்டுக் குடிப்பான். ரெண்டு பேரும் சிரிப்பாங்க. நான் சோத்துப் பானையைக் கழுவிட்டிருப்பேன். கல்லு விழுந்துருச்சு. சந்தோசம்தானே.

அவன் போனதுக்கு அப்பறம் அவளை நான் ஒரு சொல்லு சொன்னது கெடையாதுங்க. மத்த மாமியாருங்க என்னென்ன பேசுவாங்கன்னு உங்களுக்கே தெரியும். நீ காலடி வெச்ச நேரம்பாங்க, எம்பையன முழுங்கிட்டம்பாங்க. நான் அப்படியா? ஒரு சொல்லு? பேச்சே பேசினதில்லையே. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. அவ ஆக்கி வெப்பா, நான் போட்டுத் திம்பேன். அவ உள்ள ஆசாரத்துல படுப்பா, நான் வெளிய தாவாரத்துல படுப்பேன். அவ பாட்டுக்கு இருந்தா, நான் பாட்டுக்கு இருந்தேன். மில்லுக்குப் போக வேண்டாம், ஒரு வருசம் வெளிய தெருவ போகப்புடாதுன்னு எங்கூட்டுக்காரரோட அண்ணன் சம்சாரம் வந்து சொல்லிட்டுப் போனாங்க. நாச்சக்கான்னு. பக்கத்துத் தோட்டம். சரின்னேன். மொறை அதுதானுங்க. நானும் அந்த வயசுல அப்படித்தான் இருந்தேன். எனக்கென்ன, இருந்துட்டேன். அவளும் இருந்துட்டா.

கண்டக்டர் தம்பி, சில்லறை அப்பறமாக் குடு, நான் எங்கயும் ஓடிர மாட்டேன்.

ஆங். மார்கழி கடைசிங்க. ஒரு நா வெடியால நான் பட்டியைக் கூட்டிட்டிருக்கறேன். அவ வந்து நின்னா. எங்கூட்டுக்காரர் காலத்துப் பண்ணருவா ஒண்ணு எரவாரத்துல சொருகியிருக்கும், அது அவ கையில இருக்குது.

"அத்தை, கொரங்காட்டுக்குப் போயிட்டு வர்றேன்"னா.

மூணு மாசம் கழிச்சு அவ வாயத் தொறந்து பேசின மொதப் பேச்சு அதுதான்.

நான் "ம்"ன்னேன்.

எதுக்குப் போறே, அங்க எப்படிப் போவேன்னு எதுவும் கேக்கல. கேட்டா அவ என்ன சொல்லிருப்பாளோ. போனா. படலைத் தொறக்கற சத்தம் கேட்டுது. மழையில ஊறிப் போன படலு, இழுத்தா மண்ணைக் கீறிட்டு வரும், அந்தச் சத்தம். நான் கூட்டிட்டே இருந்தேன்.

ரெண்டு நா பூரா அறுத்தாளுங்க. பூளையும் ஆவாரமும். பொங்கலுக்கு முந்தி இதுக்கு டவுன்ல ஒரே கிராக்கி இல்லீங்களா, ஒவ்வொரு ஊட்டுக்கும் வேணுமே. மில்லுல கூட வேலை பாத்த புள்ளைகிட்டச் சொல்லி வண்டி பேசியிருக்கறா. குட்டியானை வண்டி ஒண்ணு தடத்துல வந்து நின்னுது. கட்டுக் கட்டா வாழநார்ல கட்டி இவளே தூக்கித் தூக்கிப் போட்டா. கை பூரா முள்ளுக் கீறல். தலையில, சேலையில எல்லாம் அந்த வெள்ளைப் பஞ்சு ஒட்டிட்டிருக்குது. வண்டி ஏத்தி உட்டுட்டு வந்தா. குளிக்கக்கூட இல்ல, கையைக் கழுவிட்டு அடுப்படியிலயே குத்த வெச்சு ஒக்காந்து, காலையில ஆக்கின கம்மஞ்சோத்தைக் கரைச்சு ரெண்டு தடவை போட்டுத் தின்னா. மூணு மாசமாக் கோழி கொறிக்கறாப்பலத்தான் தின்னுட்டிருந்தா. நான் பாத்துட்டே இருந்தேன். இதென்னடா இப்படியொரு பசின்னு நெனச்சேன். சொல்லல.

எங்கூட்டுக்குக் காப்புக் கட்டலீங்க. எழவு உழுந்த ஊட்டுல அந்த வருசம் நோம்பி கெடையாது, காப்பும் கெடையாது. அது அவளுக்கும் தெரியும். ஒரு கொத்துகூட ஊட்டுக்கு எடுத்துட்டு வரல.

நீங்க தப்பா நெனைக்கக்கூடாது, பூ வித்தது தப்புன்னு நான் சொல்லல. ஒரு வார்த்தை எங்கிட்டக் கேட்டிருக்கலாம். இதை விக்கப் போறேன், டவுன்ல ஊடூடாக் கட்டப் போறாங்க, அத்தை நீ என்ன சொல்றேன்னு. கேக்கல பாருங்க. அந்த மனத்தாங்கல் எனக்கு ரொம்ப நா இருந்துது.

அப்பறம் பட்டிப் பொங்கலன்னைக்கு நாச்சக்கா வந்துட்டாங்க. கூட இன்னும் நாலஞ்சு பொம்பளைங்க. நாச்சக்கா மகளைக் காங்கேயத்துல குடுத்திருக்குது. அப்ப வயித்துல ஏழு மாசம். அந்தப் புள்ளை ஊட்டு வாசல்ல காப்புக் கட்டியிருக்கறாங்க. பூ வாங்கினது அந்தக் குட்டியானை வண்டிக்காரங்கிட்ட. அவன் பேச்சுவாக்குல, இது ஊதியூருக்கு அக்கட்ட ஒரு காட்டுப் பூவுங்க, கரண்டு அடிச்சு ஒரு பையன் செத்துப் போனானே, அந்தக் காட்டுல அம்புட்டுப் பூத்துக் கெடந்துதுன்னு சொல்லியிருக்கறான். அவனுக்கென்ன தெரியும். புள்ளைத்தாச்சிக்காரி பதறிப் போயி ஆத்தாளுக்குப் போன் பண்ணிட்டா.

நான் பட்டிக்கு முன்னால தண்ணி வாளியைக் கழுவிட்டிருந்தேனுங்க. பாசி புடிச்சுக் கெடந்துது. தேங்கா நாரைப் போட்டுத் தேச்சுட்டிருக்கறேன். நாச்சக்கா வாசல்ல நின்னு, "எங்கடி அவ, வெளிய வரச் சொல்லு"ன்னாங்க.

தாரணி வந்தா.

"அந்தப் பூவ அறுத்தது நீதானா?"

"நான்தானுங்க பெரியத்தை."

"தாலியறுத்த கையில, எழவு உழுந்த காட்டுல பூவறுத்து ஊரு ஊட்டுக்கெல்லாம் காப்புக் கட்ட உட்டிருக்கறயே, உனக்கு மனசாட்சி இருக்குதா? எம்புள்ளை வயித்துல ஒரு உசிரைச் சொமந்துட்டு இருக்கறா. அதுக்கு ஒண்ணுன்னா யாருடி பதில் சொல்றது?"

கூட வந்ததுக எல்லாம் ஆளுக்கொண்ணு பேசுதுக. இவ நின்னுட்டே இருந்தா. அப்பறம் சொன்னா. சத்தமெல்லாம் போடல, சாதாரணமாத்தான் சொன்னா.

"செடிக்கு என்னங்க பெரியத்தை தெரியும்? மழை பேஞ்சுது, பூத்துது. பூத்ததை அறுத்தேன்."

"புருசன் உழுந்து செத்த எடத்துல அருவாளைத் தூக்கிட்டுப் போயி நிக்க உனக்கு எப்படிடி மனசு வந்துது?"

"அங்க போனப்பறம்தானுங்க எனக்கு மனசே வந்துது. இந்த ஊட்டுல ஒக்காந்து ஒக்காந்து நான் செத்துட்டனா இருக்கறனான்னே தெரியாமப் போச்சு."

இதைச் சொல்லிட்டு அவ என்னையப் பாத்தா.

நாச்சக்காவும் பாத்தாங்க. "பாவாத்தா, உம்மருமக பேசறதைக் கேட்டயா? நீ என்ன சொல்றே? வாயத் தொறந்து சொல்லு. நீ சொல்லித்தான் அறுத்தாளா, சொல்லாம அறுத்தாளா?"

எல்லாரும் என்னையவே பாக்கறாங்க. நான் வாளியைத் தேச்சுட்டிருந்தேன். அடியில கொஞ்சம் பாசி போகவே மாட்டீங்குது. நான் என்னத்தைச் சொல்றது, சொல்லுங்க? சொல்லித்தான் அறுத்தான்னா பொய்யி. சொல்லாம அறுத்தான்னாலும், அவ வந்து சொன்னா, நான் "ம்"ன்னேன். ரெண்டும் சரியா வரல.

"ஆட்டுக்குத் தண்ணி காட்ட நேரமாச்சுங்கக்கா"ன்னேன்.

அவ்வளவுதான் சொன்னேன். நான் யார் பக்கமும் பேசல. பேசியிருந்தாத்தானே சண்டை பெருசாகும்? நாச்சக்கா மண்ணை வாரித் தூத்திட்டுப் போனாங்க. வாளியில தண்ணி மொண்டு பட்டிக்குள்ள வெச்சேன். திரும்பிப் பாத்தா தாரணி வாசல்ல இல்ல.

மறு நா அவ அண்ணன் வண்டி எடுத்துட்டு வந்துட்டான். ஒரு பெட்டி, ஒரு பை. அவ்வளவுதான் அவ சாமானம். சீர் கொண்டாந்த பாத்திரத்தையெல்லாம் தொடவே இல்ல. பட்டிகிட்ட வந்து நின்னு, "போயிட்டு வர்றனுங்கத்தை"ன்னா.

"ம்"ன்னேன்.

இதுல நான் என்ன தப்புப் பண்ணினேன்னு இன்னைக்கு வரைக்கும் யாரும் எனக்குச் சொல்லல. போன்னு நான் சொல்லல. இருன்னும் சொல்லல, சரி. இருக்கறவளை யாராச்சும் இருன்னு சொல்லுவாங்களா? ஒரு நா முன்னாடி எங்கிட்டச் சொல்லாம அண்ணனுக்குப் போனைப் போட்டு வரச் சொல்லிட்டா. அதுதான் எனக்கு மனத்தாங்கல்.

ஊதியூர் வந்துருச்சுங்களா. மலை தெரியுது பாருங்க. இனிக் காங்கேயம்தான்.

அந்தக் காப்பு என்னாச்சுன்னு கேக்கலையே நீங்க? நாச்சக்கா மகளுக்குச் சுகப்பிரசவம். ஆம்பளைப் புள்ளை, நல்ல எடை. நான் போயிப் பாத்துட்டு வந்தேன். வாசல்ல பூளை அப்படியே தொங்குது. பயந்து போன் பண்ணினவளே அதை அவுக்கலையாமா. மாமியார்க்காரி, கட்டினதை நடுவுல அவுக்கக்கூடாதுன்னு சொல்லிட்டாளாமா. நாச்சக்கா அதைப் பத்தி ஒரு பேச்சும் பேசல. எனக்குக் காப்பி குடுத்தாங்க, குடிச்சுட்டு வந்தேன்.

அப்பறம் ஊட்டுல நான் மட்டும்தான். வித்தியாசம் ஒண்ணும் தெரியலீங்க. முன்னயும் பேச்சு கெடையாது, இப்பவும் கெடையாது. ஆனா பாருங்க, ஒரு கூத்து. ஆக்கறப்ப ரெண்டு பேருக்கு ஆக்கிருவேன். இவன் இருந்தப்ப மூணு பேருக்கு ஆக்கினது. இவன் போனதும் ரெண்டு பேருக்குன்னு கை பழகிப் போச்சு. அவ போயும் அது மாறல. மிச்சத்தை நாய்க்கு ஊத்துவேன். நாய் நல்லாக் கொழுத்துப் போச்சு.

வருசத் திதிக்கு வந்தா தாரணி. அண்ணனோட வந்து, படத்துக்கு முன்னால வெளக்கேத்தி, இலை போட்டு, எல்லாம் செஞ்சா. என்னையப் பாத்து "நல்லாருக்கறீங்களாத்தை"ன்னா. "ம்"ன்னேன். அவ இளைச்சிருந்தாளா, தேறியிருந்தாளான்னு பின்னால யோசிச்சுப் பாத்தேன், நெனப்பு வரல. மொகத்தைப் பாத்தேனான்னே தெரியல.

அதுக்கு அடுத்த மாசமுங்க. கார்த்திகை. வெளக்கு வெக்கற நேரம். போன் அடிச்சுது. இந்தப் போன் பையன் வாங்கிக் குடுத்தது. பச்சை பட்டனை அமுக்கினாப் பேசலாம், செவப்பை அமுக்கினா அணைஞ்சுரும், அது மட்டும்தான் எனக்குத் தெரியும்.

"அத்தை, நான் தாரணி."

"ம்."

"மில்லுக்குத் திரும்பப் போயிட்டிருக்கறேன்."

"ம்."

"ஒரு எடம் வந்திருக்குதுங்கத்தை. பெருந்துறைப் பக்கம். அவருக்கும் சம்சாரம் தவறிப் போச்சு. ஒரு பொம்பளைப் புள்ளை இருக்குது. ஊட்டுல எல்லாரும் சரின்னுட்டாங்க. நான்தான் ஒண்ணும் சொல்லாம வெச்சிருக்கறேன்."

போனை மறு காதுக்கு மாத்தினேன்.

"உங்ககிட்டக் கேட்டுட்டுத்தான் சொல்லுவேன்னு சொல்லிட்டேன். நீங்க வேண்டாம்னா வேண்டாம்."

எனக்கு என்ன வந்துதுன்னு தெரியலீங்க. நான், "ஆட்டுக்குத் தண்ணி காட்டோணும்"ன்னேன்.

அவ போனை வெச்சுட்டான்னு நெனச்சேன். அப்பறம் சொல்றா.

"சரிங்கத்தை. தண்ணி காட்டிட்டு வாங்க. நான் போன்லயே இருக்கறேன்."

போனை அப்படியே பட்டிக் கல்லு மேல வெச்சுட்டு, நான் போயி வாளியில மொண்டு ஊத்தினேன். ஒண்ணொண்ணாக் குடிச்சுது. அவசரப்படுத்தினாக் குடிக்காதுங்க. ஒரு கெடா முட்டிட்டே இருந்துது, அதைத் தள்ளி உட்டேன். ரெண்டாவது வாளி. மூணாவது வாளி. குட்டிகளைத் தனியாப் புடிச்சுக் கட்டினேன். படலைச் சாத்திக் கவுத்தைச் சுத்தினேன். எல்லாம் முடிச்சுக் கையைத் தொடச்சுட்டு வந்து போனைப் பாத்தா, வெளிச்சம் எரியுது. காதுல வெச்சேன். அந்தப் பக்கம் பஸ் போற சத்தம், யாரோ கொழந்தையைக் கூப்படற சத்தம். அவ மூச்சு உடறதுகூடக் கேக்குது.

"தண்ணி குடிச்சுதுங்களா?"ன்னா.

"குடிச்சுது."

"அந்தக் கோணக் கொம்புக் கெடா முட்டிச்சா?"

"முட்டிச்சு"ன்னேன்.

அவளுக்கு நாபகம் இருக்குது பாருங்க. அப்பறம் நானாவே கேட்டேன். "அந்தப் பையன் என்ன வேலை பாக்கறான்?"

தறி ஓட்டறானாமா. சொந்தத் தறி. புள்ளைக்கு நாலு வயசு. என்னென்னவோ சொல்லிட்டே போனா. நான் கேட்டுட்டே நின்னேன். நாய் சோத்துக்குக் கொலைக்குது, அதைக்கூடப் பாக்கல. கடைசியில, "அப்பச் சரின்னு சொல்லட்டுங்களா"ன்னா. "சொல்லு"ன்னேன். அவ அழுதா. நான் அழுகல. செவப்புப் பட்டனை எப்ப அமுக்கினேன்னு தெரியல.

அப்பறம் அடிக்கடி போன் பண்ணினா. சாப்பிட்டீங்களாம்பா, பனிக்குப் போத்திட்டுப் படுங்கம்பா. ஒரு நா, "கொரங்காட்டுப் படலைத் தொறந்து ஆட்டை உடுங்கத்தை, கட்டிப் போட்டே தீனி போட்டா உங்களுக்குத்தான் கஷ்டம்"ன்னா. தொறந்து உட்டேன். ஆடு உள்ள போச்சு. நானும் பின்னாலயே போனேன். வேற யாரு முடுக்கறது? காடு காடாட்டம்தான் இருந்துது. அந்த மூலை வேலியில கிளுவை புதுசாத் துளுத்திருந்துது. கொஞ்ச நேரம் நின்னுட்டு வந்தேன். பூளையை ஆடு கடிச்சுப் போட்டுருச்சு.

இப்பச் சொல்லிர்றேன், சாமி கும்பிடன்னு சொன்னேன் பாருங்க, அதுக்கில்லீங்க. அவளுக்கு இன்னைக்குச் சிவன்மலையில கண்ணாலம். கோயில்ல வெச்சுச் சிம்பிளா. வெடியால மொத பஸ்சுக்கு வர்றேன்னு சொல்லியிருந்தேன். நின்னுட்டுத்தான் இருந்தேன், பஸ்சு வந்துது, கதவு தொறந்துது, ஏறல. ஏன்னு கேட்டா எனக்குத் தெரியாது. இதுதான் ரெண்டாவது பஸ்சு.

வந்து ஒக்காந்துட்டுப் போயிரலாம், அதுல ஒண்ணுமில்ல. ஆனா அவ ஒண்ணு கேட்டிருக்கறா. தாலியை அவரு கையில நீங்கதான் எடுத்துக் குடுக்கோணும்னு. நான் முடியாதுன்னேன். மொறையில்லீங்களே. எங்கூட்டுக்காரரு போனதுலருந்து எந்தக் கண்ணாலத்துலயும் நான் மணவறைப் பக்கம் போனதில்ல. எம்பையன் கண்ணாலத்துக்கே நான் சமையல் கட்டுல தேங்கா துருவிட்டிருந்தேன். மேளம் கொட்டற சத்தம் கேட்டுது, அப்பத் தாலி கட்டியாச்சுன்னு தெரிஞ்சுது. எல்லாம் நாச்சக்காவும் அவங்கூட்டுக்காரரும்தான் முன்னால நின்னு நடத்தினாங்க. நான் ஒண்ணும் வெசனப்படல. அப்படித்தான் எல்லாரும்.

அதைச் சொன்னேன் அவகிட்ட. "மாப்பிள்ளை ஊட்டுல கேட்டாச்சுங்கத்தை, சரின்னுட்டாங்க. நீங்க குடுக்கலைன்னா நான் கழுத்தை நீட்ட மாட்டேன்"ங்கறா. வெளையாட்டுப் பேச்சான்னு தெரியல. பெத்தவ ஒருத்தி குத்துக்கல்லாட்டம் இருக்கறா. அண்ணன் இருக்கறான். எங்கிட்ட எதுக்கு இதைக் கேக்கறான்னுதான் எனக்கு வெளங்கவே இல்ல. ஒரு சொல்லு அவளை நல்லதாச் சொன்னவளா நான்? கெட்டதும் சொன்னதில்ல, அதை வேணா வெச்சுக்கலாம்.

நீங்க கண்ணாலங்காச்சிக்கெல்லாம் முன்னால நின்னிருப்பீங்க. அங்க எப்படி நிக்கறதுங்க? வலப்பக்கமா, எடப்பக்கமா? தட்டத்தை ஒத்தைக் கையில தூக்கலாமா, ரெண்டு கையிலயும் புடிக்கோணுமா? சேலை இது போதுமுங்களா? வெள்ளை வேண்டாம்னு அவதான் இதை எடுத்து அனுப்பினா. நீலம். எனக்கு நீலமெல்லாம்... சரி, உடுங்க.

யாருங்க அது? அந்தச் சிவன்மலை ஆர்ச்சுக்குக் கீழ, ரோட்டோரத்துல? எனக்குத் தூரப் பார்வை சரியில்ல. பட்டுச் சேலை கட்டிட்டு, தலை நெறையாப் பூவு வெச்சுட்டு? பக்கத்துல ஒரு சின்னப் புள்ளை கையைப் புடிச்சுட்டு நிக்குதுங்களா?

கிறுக்கி. கண்ணாலப் பொண்ணு வந்து ரோட்டுல நிக்கறாளே. முகூர்த்தத்துக்கு நேரமாகலையா இவளுக்கு? வெய்யிலு வேற. போற பஸ்சையெல்லாம் எட்டி எட்டிப் பாத்துட்டு... மொத பஸ்சுலருந்தே நிக்கறாளாட்டம் இருக்குது.

தம்பி, கண்டக்டர் தம்பி, நிறுத்து, எறங்கோணும். அட, இருப்பா, எந்திரிக்க வேண்டாமா.

கண்ணு, கையைக் கொஞ்சம் புடிங்க. ஒரே பக்கமா ஒக்காந்துட்டேன், காலு மரத்துப் போச்சு. ஊனினாத் தெரியவே மாட்டீங்குது. இருங்க... இருங்க. இப்பத்தான் ரத்தம் எறங்குது. ஆத்தாடி, சுள்ளுங்குதே. ஊசி ஊசியாக் குத்துது.

இல்லீங்க, உடுங்க. நடந்துக்கறேன்.